ஃபலேபிலி விசா: துவாலு–ஆஸ்திரேலியா ஒப்பந்தத்தில் கிடைப்பது என்ன, இடிப்பது எங்கே?

காலநிலை மாற்றத்தையும் எல்லை தாண்டிய குடியேற்றத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு, அதை வைத்து மனிதர்கள் விமானம் ஏறிப் போகும் நிலைக்கு வந்திருப்பது, பசிபிக் தீவு நாடான துவாலுவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட ஃபலேபிலி ஒன்றியம். 2023 நவம்பர் 9 அன்று குக் தீவுகளின் ராரோடோங்காவில் கையெழுத்தாகி, 2024 ஆகஸ்ட் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. விசா பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் முதல் குலுக்கல் 2025-இல் நடந்தது. அந்த ஆண்டு இறுதியில் முதல் சிலர் ஆஸ்திரேலியாவில் இறங்கியும் விட்டார்கள். அறிக்கை, பிரகடனம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டதால், இதை இனி ஒரு சேவையாகவே எடைபோடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விசா முதல் தரம். எண்ணிக்கை சுமார். துவாலு நாடு கொடுக்கும் விலை அதிகம், அந்த விலை விண்ணப்பிப்பவர் கண்ணில் படுவதே இல்லை.

முதலில் கையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். ஆண்டுக்கு 280 பேருக்கு நிரந்தர வசிப்புரிமை. ஆஸ்திரேலிய விசாப் பட்டியலில் இது 192-ஆம் உட்பிரிவு, அதில் ‘உடன்படிக்கைப் பிரிவு’ என்று தனியாக ஒரு கிளை. வேலை செய்யலாம், படிக்கலாம், விரும்பியபோது துவாலுவுக்குப் போய்த் திரும்பலாம். மெடிகேர் மருத்துவக் காப்பீடும் குடும்ப உதவித்தொகையும் போய் இறங்கியதும் கிடைக்கும். அங்கே குடியேறும் மற்றவர்கள் சில உதவித்தொகைகளுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பை இங்கே உடன்படிக்கையே நீக்கிவிடுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம், இந்த விசா எதையெல்லாம் கேட்கவில்லை என்பது. வேலை உத்தரவாதம் கேட்கவில்லை. நாள்பட்ட நோயும் மாற்றுத்திறனும் உள்ளவர்களுக்குக் கதவு சாத்தவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, “உன் வீட்டைக் கடல் கொண்டுபோனதா, நிரூபி” என்று கேட்கவே இல்லை. இந்த ஒன்றுக்காகவே வடிவமைத்தவர்களைப் பாராட்டலாம். அந்தக் கேள்விக்கு எந்தத் தனிமனிதனாலும் பதில் சொல்ல முடியாது. இன்னொரு பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியைச் சேர்ந்த இயோவானே டெய்டியோட்டா, கடல்மட்ட உயர்வைக் காரணம் காட்டி நியூசிலாந்தில் அகதி அந்தஸ்து கேட்டுப் பார்த்தார். 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தப்படுவோரைப் பற்றிப் பேசுகிறது. கடல் யாரையும் அந்தக் காரணங்களுக்காகத் துரத்துவதில்லை. 2015-இல் நியூசிலாந்து உச்ச நீதிமன்றத்தில் தோற்று அவர் நாடு திரும்ப நேர்ந்தது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2020 ஜனவரியில் வெளியிட்ட முடிவில், காலநிலை பாதிப்பு உயிருக்கு ஆபத்தாகும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது உரிமை மீறலாக அமையக்கூடும் என்று கொள்கை அளவில் ஏற்றது. ஆனால் அவர் வழக்கில் அந்த அளவு எட்டப்படவில்லை என்றது. சட்டம் படிப்பவர்களுக்கு அது மைல்கல்தான், அவருக்குக் கிடைத்ததோ ஒன்றுமில்லை. ஃபலேபிலி இந்தப் பொறிக்குள் யாரையும் தள்ளுவதில்லை. துவாலு குடிமகனா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறது.

விண்ணப்பிக்கும் முறையும் எளிது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். துவாலு கடவுச்சீட்டு வேண்டும். விண்ணப்பதாரரோ, தாய் தந்தையரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ துவாலுவில் பிறந்திருக்க வேண்டும். நியூசிலாந்துக் குடியுரிமை இருந்தால் இடமில்லை. பதிவு இணையம் வழியாக நடக்கிறது. கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். துவாலுவில் புழங்குவதும் ஆஸ்திரேலிய டாலரே என்பதால் நாணயம் மாற்றும் நஷ்டம் கிடையாது. கணினிக் குலுக்கலில் பெயர் வந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு வரும். மருத்துவப் பரிசோதனை, காவல்துறை நற்சான்று, அடையாள ஆவணங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் குலுக்கல், பிறகு காகிதம் என்ற இந்த வரிசை நல்லது. பெயர் வராதவருக்கு நஷ்டம் 25 டாலரோடு நிற்கும்.

சிக்கல் அழைப்பு வந்த பிறகுதான் ஆரம்பம். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டு என்றால் அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குச் சட்டப்படி தத்து எடுத்த ஆவணம் இல்லையென்றால், ஆஸ்திரேலிய அதிகாரியின் கண்ணில் அந்தக் குழந்தை குடும்ப உறுப்பினர் ஆகாது. துணைவரையும் சார்ந்திருக்கும் பிள்ளைகளையும் பதிவு செய்யும்போதே சேர்த்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து. துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுடியிலிருந்து வெளியே போகும் விமானங்கள் குறைவு, ஃபிஜி வழியாகத்தான் போக வேண்டும். ஐந்து பேர் குடும்பத்துக்குப் பயணச்சீட்டு, முதல் மாத வாடகை, வாடகை முன்பணம் என்று கூட்டினால், பதிவுக் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. 25 டாலர் என்ற எண்ணைப் பார்த்து இது மலிவு என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். குலுக்கலில் ஏழையும் வசதியுள்ளவரும் சமம், விமானச் சீட்டு வாங்கும்போது அப்படி இல்லை.

இப்போது எண்ணிக்கை. 2025 ஜூன் 16 முதல் ஜூலை 18 வரை பதிவு திறந்திருந்தது. மூடும்போது குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பதிவாகியிருந்தார்கள். துவாலுவின் மொத்த மக்கள்தொகையே 11,000-ஐ ஒட்டித்தான் என்பதை வைத்துப் பாருங்கள். 280-ஐ 8,750-ஆல் வகுத்தால் 3.2 சதவீதம். பதிவு செய்தவர்கள் அத்தனை பேரும் போய்ச் சேர இதே வேகத்தில் 31 ஆண்டுகள் ஆகும். 280 என்பது குடும்பங்களின் எண்ணிக்கை அல்ல, தலைகளின் எண்ணிக்கை. ஐந்து பேர் குடும்பம் ஒன்றுக்குப் பெயர் வந்தால் ஐந்து இடம் போய்விடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இவ்வளவு சின்ன நாட்டிலிருந்து ஆண்டுக்கு 280 பேர் என்பது மக்கள்தொகையில் 2.5 சதவீதம். அதிகமாகத் திறந்தால் பள்ளிக்கு ஆசிரியர் இருக்கமாட்டார், மருத்துவமனைக்குச் செவிலியர் இருக்கமாட்டார். கட்டுப்பாடு வைத்ததில் துவாலுவின் நலனும் கலந்திருக்கிறது. எங்களுக்குக் குறையாகப் படுவது எண் அல்ல, எண் இருக்கும் இடம். 280 என்பது உடன்படிக்கையின் வாசகத்தில் இல்லை. அதன் மூன்றாவது பிரிவு துவாலு குடிமக்களுக்குச் சிறப்பு வழி ஏற்படுத்தித் தரப்படும் என்கிறது, அவ்வளவே. கான்பெராவில் அரசு மாறி, குடியேற்ற எதிர்ப்பு அரசியல் சூடுபிடித்தால், உடன்படிக்கையில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் எண்ணைக் குறைத்துவிட முடியும்.

யாருக்கு அவசரம் என்பதையும் குலுக்கல் பார்ப்பதில்லை. அலை வீட்டுக்குள் வரும் கரையோரக் குடும்பமும் தலைநகரில் அரசு வேலையில் இருப்பவரும் ஒரே பெட்டியில் கிடக்கிறார்கள். நிரூபணம் கேட்காததன் மறுபக்கம் இது. இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது என்பதால் இதற்கு நாங்கள் மதிப்பெண் குறைக்கவில்லை.

குறைக்க வேண்டிய இடம் பிரிவு 4(4). பாதுகாப்பு தொடர்பாக வேறெந்த நாட்டுடனோ அமைப்புடனோ துவாலு எந்த ஏற்பாடு செய்துகொள்வதானாலும் ஆஸ்திரேலியாவுடன் பரஸ்பரம் ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். பாதுகாப்பு என்றால் ராணுவம் மட்டுமில்லை. காவல், எல்லைக் கண்காணிப்பு, இணையப் பாதுகாப்பு, துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. அப்படியானால் துறைமுகம் கட்டவோ கடலடிக் கேபிள் போடவோ வேறு நாட்டுக்காரரை அழைப்பதற்கும் கான்பெராவின் சம்மதம் தேவைப்படலாம். பதிலுக்கு, பெரிய இயற்கைப் பேரிடர், சர்வதேச அளவிலான நோய்த்தொற்று, ராணுவ ஆக்கிரமிப்பு ஆகியவற்றில் துவாலு கேட்டால் உதவ ஆஸ்திரேலியா கடமைப்படுகிறது. கையெழுத்திட்ட பிரதமர் கௌசியா நடானோ 2024 ஜனவரித் தேர்தலில் தன் இடத்தையே இழந்தார். முன்னாள் பிரதமர் எனேலே சோபோவாங்கா இந்த ஒப்பந்தத்தையே எதிர்த்தார். அடுத்து வந்த ஃபெலெட்டி டியோவின் அரசு இதைத் தொடர முடிவு செய்தது. இவ்வளவு விவாதம் எழுந்ததே, வாக்காளர்களுக்கு விலை புரிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

விலை பேசும்போது மறக்கக்கூடாத வரவும் ஒன்று உண்டு. கடல்மட்டம் உயர்ந்தாலும் துவாலுவின் அரசுத்தன்மையும் இறைமையும் தொடரும் என்று இரண்டாவது பிரிவு ஒப்புக்கொள்கிறது. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்தும், நிலப்பரப்பு போனால் மட்டும் நாடு என்ற தகுதி போய்விட வேண்டியதில்லை என்ற திசையில்தான் பேசியது. வருமானத்தில் பெரிய பங்கை மீன்பிடி உரிமத் தொகையிலிருந்து பெறும் நாட்டுக்கு இது வெறும் கௌரவம் அல்ல. நாடு என்ற தகுதி இருந்தால்தான் அந்தக் கடலும் அதன் வருமானமும் இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சேவைகள் இரண்டு. நியூசிலாந்தின் பசிபிக் அணுகல் திட்டம் 2002 முதல் இயங்குகிறது. துவாலுவுக்கு ஆரம்பத்தில் ஆண்டுக்கு 75 இடம், பிறகு 150 ஆனது. வயது 18 முதல் 45 வரை. குலுக்கலில் வந்தபின் நியூசிலாந்தில் வேலை உத்தரவாதம் பெற வேண்டும், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், உடல்நலத் தேர்வும் உண்டு. நடைமுறையில் கழுத்தைப் பிடிப்பது அந்த வேலை உத்தரவாதம்தான். தீவில் இருந்துகொண்டு, நேரில் பார்க்காத முதலாளியிடம் கெடுவுக்குள் வேலைக் கடிதம் வாங்குவது சாதாரண காரியமில்லை. இடைத்தரகர்கள் நுழைவதும் இந்த இடுக்கு வழியாகத்தான். ஃபலேபிலி இங்கே தெளிவாக முந்துகிறது. 50 வயதைத் தாண்டியவருக்கு இரண்டையும் ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாவது, மார்ஷல் தீவுகளும் மைக்ரோனீசியாவும் 1986 முதல், பலாவ் 1994 முதல் அமெரிக்காவுடன் வைத்திருக்கும் கட்டற்ற இணைப்பு ஒப்பந்தம். காலநிலை என்ற பேச்சே இல்லாத பழைய ஒப்பந்தம், ஆனால் தாராளத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. விசா வேண்டாம், குலுக்கல் வேண்டாம், எண்ணிக்கை வரம்பு இல்லை. கடவுச்சீட்டோடு போய் வேலை செய்யலாம். அங்கேயும் விலை பாதுகாப்புதான். அந்தக் கடற்பரப்பில் மற்ற நாட்டுப் படைகளுக்கு இடமளிக்காமல் தடுக்கும் உரிமை அமெரிக்காவிடம் இருக்கிறது, மார்ஷல் தீவுகளின் குவாஜலைனில் ஏவுகணைச் சோதனைத் தளமும் இருக்கிறது. ஆனால் குடியுரிமைக்கு இது நேர்வழி அல்ல. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய நலத்திட்டச் சட்டத்தால் இந்த மக்கள் மெடிகெய்ட் மருத்துவ உதவியை இழந்தார்கள். வரி கட்டிக்கொண்டே 24 ஆண்டுகள் காத்திருந்து 2020 டிசம்பரில்தான் திரும்பப் பெற்றார்கள். உள்ளே நுழையும் உரிமையை மட்டும் எழுதி, நுழைந்தபின் கிடைக்கும் உரிமைகளை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஃபலேபிலி கல்வி, மருத்துவம், வருமான உதவி மூன்றையும் உடன்படிக்கையிலேயே எழுதியிருப்பதன் மதிப்பு இதை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மற்றவை வேகமாக. கிழக்குக் கரீபிய நாடுகளின் சுதந்திர நடமாட்ட ஏற்பாடு, 2017 செப்டம்பரில் மரியா புயல் டொமினிக்காவைப் புரட்டிப்போட்டபோது கைகொடுத்தது. பெட்டியும் ஆவணமும் தண்ணீரில் போனவர்கள்கூடப் பக்கத்துத் தீவுகளில் இறங்கித் தங்க முடிந்தது. திடீர்ப் பேரிடருக்கு இந்த வகைதான் பொருந்தும். அடுத்த குலுக்கல் எப்போது என்று புயல் காத்திருக்காது, ஆக இந்த விஷயத்தில் ஃபலேபிலி உதவாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் இகாட் கூட்டமைப்பு 2020-இல் ஏற்ற நடமாட்ட நெறிமுறையில், பேரிடருக்கு முன்பே எல்லை தாண்டலாம் என்ற அருமையான பிரிவு இருக்கிறது. நடைமுறைக்கு வந்தபின் மதிப்பிடலாம். கிரிபாட்டி 2014-இல் ஃபிஜியின் வனுவா லெவு தீவில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலத்தையே விலைக்கு வாங்கியது. நிலப் பத்திரம் கையில் இருந்தும், அங்கே குடியேறும் உரிமை எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. ஆகவே இந்தப் பட்டியலில் அதற்கு மதிப்பெண்ணே இல்லை.

மதிப்பெண்: விசாவுக்கு பத்துக்கு ஒன்பது, எண்ணிக்கைக்கு ஐந்து, நாடு கொடுத்த விலைக்கு நான்கு.

பதிவு செய்ய நினைப்பவர்கள், கடவுச்சீட்டின் காலாவதித் தேதியையும் குடும்பத்தில் ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றையும் குலுக்கல் திறக்கும் முன்பே சரிபார்த்து வையுங்கள். தாத்தா பாட்டி வழியாகத் தகுதி கோருபவர்களுக்கு மூன்று தலைமுறைச் சான்றும் தேவை. பயணச் செலவையும் முதல் மூன்று மாத வாடகையையும் அழைப்பு வந்தபின் தேடத் தொடங்காதீர்கள். இதே போன்ற ஒப்பந்தம் பேச உட்காரும் மற்றத் தீவு நாடுகள், ஆண்டு எண்ணிக்கையை உடன்படிக்கைக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். பாதுகாப்புப் பட்டியலில் துறைமுகமும் கேபிளும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே நில்லுங்கள். முறித்துக்கொள்ளும் பிரிவையும் படியுங்கள். ஃபலேபிலியில் எந்தத் தரப்பும் 12 மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். அப்படி விலகும் நாளில், ஏற்கெனவே குடியேறியவர்களின் உரிமைகளும் குலுக்கலில் பெயர் வந்து விசாவுக்குக் காத்திருப்பவர்களின் இடமும் என்ன ஆகும் என்பதை உடன்படிக்கையிலேயே ஒரு தனிப் பிரிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.