வேர்ட்பிரஸ்: ஹூக்குக்கு முழு மார்க், பிளாக் தீமுக்குப் பாதி

கூட வேலை பார்க்கும் தம்பி போன வாரம் கேட்டான், "அண்ணே, இன்னமும் வேர்ட்பிரஸுக்குத் தீம் எழுதிக்கிட்டு இருக்கீங்களே, போரடிக்கலையா?" என்று. தீம் கொஞ்சம் போரடிக்கத்தான் செய்கிறது. பிளகின் எழுதுவது இன்னும் போரடிக்கவில்லை. புதியவர்களுக்கு: வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் நடத்தும் மென்பொருள், தீம் தளத்தின் தோற்றம், பிளகின் அதில் புது வசதி சேர்க்கும் துணை நிரல்.

காரணம் ஹூக், அதாவது நம் கோடை மாட்டிவிட வேர்ட்பிரஸ் ஆங்காங்கே விட்டுவைத்திருக்கும் கொக்கி. 2003இல் பி2 என்கிற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது வேர்ட்பிரஸ், உள்ளே எட்டிப் பார்த்தால் அதை எழுதிய மொழியான பிஎச்பியின் அந்தக் காலத்து வாடை இப்போதும் அடிக்கும், ஆனால் அதன் சொந்த ஃபைல் ஒன்றைக்கூடத் தொடாமல் அது செய்கிற வேலையை நடுவழியில் மறித்து மாற்றிவிடலாம். ஹூக் இரண்டு வகை. ஆக்‌ஷன் என்றால் 'இந்த இடத்துக்கு வரும்போது என்னையும் கூப்பிடு'. ஃபில்டர் என்றால் 'இதை வெளியே விடுவதற்கு முன் என்னிடம் கொடு, திருத்தித் தருகிறேன்'. அவ்வளவுதான் சங்கதி.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்குப் பழகிய தலைவலி ஒன்றை வைத்தே சொல்கிறேன். பதிவின் நிரந்தர முகவரியான பெர்மாலிங்கில் தலைப்பு வருகிற மாதிரி வைத்துக்கொண்டு "திருநெல்வேலி அல்வா செய்வது எப்படி" என்று ஒரு பதிவு போடுங்கள். முகவரி "திருநெல்வேலி-அல்வா-செய்வ" என்று அந்தரத்தில் நிற்கும். முகவரியில் தலைப்பு உட்காரும் பகுதியான ஸ்லக்குக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும், நம் எழுத்தோ சதவீதக் குறிகளாக மாறி உட்கார்வதால் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது, அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. 'தி' ஒன்றே 18 இடத்தைத் தின்றுவிடும். இதைச் சரிசெய்ய நான் எழுதிய பிளகின் ஒரே ஒரு ஃபைல், நாற்பது வரிகூட இல்லை. தலைப்பைச் சுத்தம் செய்கிற ஃபில்டரில் வேர்ட்பிரஸ் தன் வேலையை 10 என்ற வரிசை எண்ணில் மாட்டி வைத்திருக்கிறது, நான் 9இல் மாட்டி அது கை வைப்பதற்குள் தமிழை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுகிறேன். ஃபைலின் தலையில் பெயரைச் சொல்லும் ஒரு குறிப்பு (கமெண்ட்) இருந்தால் போதும், பிளகின் என்று ஏற்றுக்கொள்ளும். இந்தச் சுகத்துக்காகவே எத்தனையோ குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் தீம். 2018 டிசம்பரில் 5.0 பதிப்பு வந்தபோது பதிவு எழுதும் எடிட்டர் பிளாக்காக, அதாவது பத்தி, படம் என்று தனித்தனித் துண்டுகளாக மாறியது, 2022 ஜனவரியில் 5.9 வந்தபோது தீமே பிளாக்கானது. நிறம், ஃபாண்ட், இடைவெளி எல்லாவற்றையும் ஒரே ஜேசான் ஃபைலில் எழுதி வைக்கலாம் என்பது உண்மையிலேயே நல்ல விஷயம், தோற்றத்துக்கு எழுதும் சிஎஸ்எஸ் பாதியாகக் குறைகிறது. வில்லங்கம் வேறு இடத்தில். ஒரு வாடிக்கையாளர், தளத்தின் தோற்றத்தை மாற்றும் சைட் எடிட்டரில் ஹெடரை (பக்கத்தின் தலைப்பகுதியை) லேசாக நகர்த்தி சேவ் செய்திருக்கிறார், அது எனக்குத் தெரியாது. நான் தீம் ஃபைலில் ஹெடரை மாற்றுகிறேன், தளத்தில் அசையவில்லை, சேமித்து வைத்த பழைய நகலான கேஷை அழிக்கிறேன், பிரௌசரை மாற்றுகிறேன், அப்போதும் அசையவில்லை. மதியம் முழுக்கப் போன பிறகுதான் உறைத்தது: எடிட்டரில் சேவ் செய்தது டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துகொள்ளும், அது இருக்கும்வரை ஃபைலை யாரும் சீண்ட மாட்டார்கள். சொந்த பிளாக் எழுதினால் இன்னொரு தொல்லை. சேவ் செய்யும் ஹெச்டிஎம்எல்லில் ஒரு கிளாஸ் பெயரை மாற்றினாலும் பழைய பதிவுகளை எடிட்டரில் திறக்கும்போது பிளாக் செல்லாது என்று கத்தும், பழைய வடிவத்தையும் கோடில் கூடவே சுமக்க வேண்டும். இப்போதெல்லாம் நான் பிஎச்பியிலேயே வெளியீடு தரும் பிளாக்காக எழுதிவிடுகிறேன், நிம்மதி.

இலவசம், யாரும் மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமம், பிளேகிரவுண்ட் என்ற கருவி வந்த பிறகு பிரௌசரிலேயே திறந்து சோதித்தும் பார்க்கலாம், அதற்கெல்லாம் குறை சொல்ல மாட்டேன். பிளகினை அதிகாரபூர்வ டைரக்டரியில் ஏற்ற இன்னும் சப்வெர்ஷன் என்ற பழைய கோடு மேலாண்மைக் கருவியைக் கேட்பதற்குச் சொல்வேன்.

புதிதாக வருகிறீர்கள் என்றால் பிளகினிலிருந்து தொடங்குங்கள். முக்கியமாக, கஸ்டம் போஸ்ட் டைப்பை (நாமே உருவாக்கும் பதிவு வகையை) தீமுக்குள் எழுதாதீர்கள். நான் ஒரு சாப்பாட்டுக் கடைத் தளத்துக்கு அப்படி எழுதி வைத்தேன், பின்னாளில் கடைக்காரர் தீமை மாற்றினார், அட்மினில் சாப்பாட்டு மெனு ஐட்டம் மொத்தமும் காணாமல் போனது. டேட்டாபேஸில் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. அதை ராத்திரி பதினொரு மணிக்கு அவருக்கு ஃபோனில் புரியவைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.