இறுகிப்போன ஆக்ஸிலரேட்டர் பெடல்: குற்றவாளி எங்கே ஒளிந்திருந்தது?

என்னுடையது 2007 மாடல் பெட்ரோல் கார், கேபிள் வைத்த ஆக்ஸிலரேட்டர், அதாவது பெடலை மிதித்தால் உறைக்குள் ஓடும் ஒரு கம்பி இன்ஜின் பக்கத்தை இழுக்கும். தூத்துக்குடி உப்புக்காற்றிலேயே 1,10,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. போன மழைக்காலத்துக்கு அப்புறம் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக ஆரம்பித்தது. திருநெல்வேலி போய்த் திரும்பினால் வலது கணுக்கால் கடுக்கும். லேசாக மிதித்தால் அசையாது, கூடுதலாக மிதித்தால் வண்டி துள்ளும். நெரிசலில் முன்வண்டியை ஒட்டி ஊர்ந்து போகவே பயமாகிவிட்டது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். அதற்குள் திறந்து மூடும் தட்டான பட்டர்ஃப்ளை வால்வின் விளிம்பில் கார்பன் அப்பியிருந்தது உண்மைதான். துள்ளல் நின்றது, இறுக்கம் போகவில்லை. "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்ஜின் ஆறியிருந்த நேரத்தில் பானட்டைத் திறந்தேன். த்ராட்டில் பக்கம் கேபிள் முனையைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த சக்கரத்தைக் கையால் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் இழுத்து மூடியது. ஆக, அங்கே குறையில்லை. அடுத்து, கழற்றிய கேபிளோடு பெடலை மிதித்தேன். அதே இறுக்கம்! பெடல் பக்கமும் கேபிளைக் கழற்றினேன். பெடல் தனியாக ஊஞ்சல் மாதிரி ஆடியது. மிச்சம் இருந்தது கேபிள் மட்டும்தான்.

வெளியே உருவியதும் விஷயம் புரிந்தது. பெடல் பக்க முனையில், உறைக்குள் கம்பி நுழையும் வாயருகே இரண்டு இழை அறுந்து, மீன்முள் மாதிரி விரிந்து நின்றது. சுற்றிலும் பழுப்புத் துரு. ஒவ்வொரு மிதிக்கும் அந்த இழைகள் உறையைக் கீறிக்கொண்டிருந்திருக்கின்றன. எண்ணெய் விட்டுச் சமாளிக்கலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அறுந்த இழைக்கு எண்ணெய் எதற்கு உதவும்? அது உள்ளே சிக்கினால் காலை எடுத்தாலும் த்ராட்டில் மூடாது. புதுக் கேபிளே போட்டேன், கூர்மையான வளைவு விழாதபடி பழைய வழியிலேயே, முனையில் துளி தளர்வு விட்டு.

எட்டு மாதம், 9,000 கிலோமீட்டர் ஆயிற்று. பெடல் பஞ்சு போல இறங்குகிறது. இப்போது மாதம் ஒருமுறை டார்ச் அடித்து அந்த முனையைப் பார்த்துக்கொள்கிறேன். தரைவிரிப்பு பெடலுக்கு அடியில் நகர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

உங்கள் பெடலும் இறுக ஆரம்பித்திருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஓட்டும்போதே சிக்கிக்கொண்டால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரம் கட்டி நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.