மாணவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களே, அந்த இலவச இருக்கையை ஒப்புக்கொள்ளும் முன் இதைப் படியுங்கள்

36 மாணவர்கள், மூன்று ஆசிரியர்கள், பத்து இரவுகள். பாரிஸ், லூசெர்ன், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம். போன ஜூனில் இந்தச் சுற்றுலாவுக்குப் பொறுப்பாசிரியராகப் போய் வந்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள், கடவுளுக்கு நன்றி. ஆனால் அவர்களின் பெற்றோர் கட்டிய பணத்துக்கு அந்தச் சுற்றுலா நிறுவனம் செய்தது அநியாயம். புகார் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் ஏமாற்றிய விதம் தெரிவதுதான் மற்ற ஆசிரியர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் இலவச இருக்கையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் தொடங்கியது அங்கேதான். பன்னிரண்டு மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இலவசம் என்றார்கள். அது உண்மையில் இலவசம் இல்லை, பிள்ளைகள் கட்டும் பணத்தில்தான் நம் செலவும் ஏறுகிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் ஒரு கூச்சம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. காசு கொடுக்காமல் போகிறோமே, இதில் எப்படிக் கேள்வி கேட்பது என்று வாயை மூடிக்கொள்கிறோம். நானும் மூடிக்கொண்டேன்.

நாங்கள் முதலில் நான்கு ஆசிரியர்கள், அதில் இரண்டு பெண்கள் என்று முடிவு செய்திருந்தோம். பத்தொன்பது பெண் பிள்ளைகள் வருகிறார்களே. நிறுவனத்தின் ஆள் வந்து, "எங்கள் டூர் மேனேஜர் ஒரு பெண்தான் மேடம், முழுப் பயணமும் உங்களோடுதான் இருப்பார், அவரையே நாலாவது ஆளாக வைத்துக்கொள்ளுங்கள், தலைக்குக் கொஞ்சம் செலவு குறையும்" என்றார். நல்ல யோசனையாகத் தெரிந்தது. இன்னொரு டீச்சரின் பெயரை எடுத்துவிட்டோம். பாரிஸ் விமான நிலையத்தில் பெயர்ப்பலகையோடு நின்றவர் இருபத்தைந்து வயதுப் பையன். அந்தப் பெண் ஏன் வரவில்லை என்று கேட்டோம். அப்படி ஒருவர் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார்.

அன்று ஞாயிறு இரவு. பயணத்திட்டத்தில் "பாரிஸ் நகர ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது" என்று இருந்தது. பதினொரு மணிக்கு பஸ் நின்ற இடம் சார்ல் த கோல் விமான நிலையத்தின் பக்கத்தில், நெடுஞ்சாலையோரம். எந்த மாணவி யாரோடு, எந்தப் பக்கம், கடைசி அறையில் நான் என்று அறைப்பட்டியலை இரண்டு மாதத்துக்கு முன்பே அனுப்பியிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அது இல்லை. நான் விடாமல் கேட்கவே, பாவம், கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் பதிவு செய்யப்பட்ட தேதி அதில் இருந்தது. நாங்கள் வந்து சேர்வதற்கு நான்கு நாட்களுக்கு முன்! முழுப் பணத்தையும் நாங்கள் கட்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. அறைகள் மூன்று மாடிகளில் சிதறிக் கிடந்தன. இரண்டு அறைகள் தரைத்தளத்தில், ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம். அதில் மாணவிகளின் பெயர் விழுந்திருந்தது. சார்கள் இருவரும் தங்கள் மாடி அறைகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே போனார்கள். நான் இரண்டு மணிவரை மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

திங்கள்கிழமை ஈபிள் கோபுரம். காகிதத்தில் "உச்சி வரை" என்று இருந்தது. கையில் கொடுத்ததோ படிக்கட்டு டிக்கெட். இரண்டாவது தளம் வரை, 674 படிகள். 330 மீட்டர் கோபுரத்தில் அது சுமார் 115 மீட்டர் உயரம்தான். லிஃப்ட் டிக்கெட் தீர்ந்துவிட்டதாம். அவற்றை வாரக்கணக்கில் முன்னால் எடுத்து வைக்க வேண்டும், சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு இது தெரியாததல்ல. ஆஸ்துமா இருக்கும் ஒரு மாணவியின் மருத்துவப் படிவத்தை முன்பே அனுப்பியிருந்தோம். அவளும் நானும் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "பரவாயில்லை மிஸ், இங்கிருந்தும் தெரியுதே" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை லூவர் அருங்காட்சியகம். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை. அந்தப் பயணத்திட்டம் மூன்று மாதம் என் மேசையில் இருந்தது, நாட்காட்டியோடு வைத்து ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கண்ணாடிப் பிரமிடுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

ஊருக்கு வந்தபின் கட்டண விவரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. லூவர், ஃபிளாரன்ஸின் உஃபிசி, ரோமின் கொலோசியம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் என்று மாணவர் ஒருவருக்கு 58 யூரோ வாங்கியிருந்தார்கள். லூவரில் 18 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் நுழைவு இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும். உஃபிசியும் கொலோசியமும் இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்கள், அங்கேயும் அப்படித்தான். முன்பதிவுக்கு மட்டும் ஒரு சிறு தொகை ஆகலாம். எங்கள் பிள்ளைகள் ஒருவருக்கும் 18 ஆகவில்லை. 36 பேருக்கு 2,088 யூரோ. அதில் லூவருக்குள் போகவே இல்லை. கொலோசியத்தையும் வெளியிலிருந்துதான் பார்த்தோம், ஏனென்றால் அங்கே 2023 அக்டோபரிலிருந்து டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்க வேண்டும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்கள் பெயரில் யாரும் எதையும் எடுத்து வைக்கவில்லை. திட்டத்தில் "பார்த்தல்" என்று எழுதியிருந்தால் வெளியிலிருந்து, "நுழைவு" என்று எழுதியிருந்தால்தான் உள்ளே என்று டூர் மேனேஜர் எனக்கு விளக்கம் வேறு சொன்னார். அப்படியானால் நுழைவுக் கட்டணம் எதற்கு வாங்கினீர்கள்?

புதன்கிழமைதான் எனக்கு முழுதாகக் கண் திறந்தது. பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க், அங்கே சாப்பாடு, பிறகு ஜெர்மனியின் கருங்காட்டில் டிடிசே ஏரி, இரவு உணவுக்கு சுவிட்சர்லாந்தின் லூசெர்ன். படிக்க அழகாக இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 750 கிலோமீட்டர். காலை உணவுக்கு எங்கள் குழுவுக்கு ஹோட்டல் ஒதுக்கிய நேரமே ஒன்பதரை, கிளம்பும்போது பத்தரை. ராத்திரி ஃப்ரைபர்க்கைத் தாண்டியதும் டிரைவர் நெடுஞ்சாலையோர நிறுத்தம் ஒன்றில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். டூர் மேனேஜர் ஓட்டச் சொல்லிக் கத்துகிறார், அவர் அசையவில்லை. பிள்ளைகள் பசியில் இருந்தார்கள். கழிப்பறைக்கு ஆளுக்கு ஒரு யூரோ, பாதிப் பேரிடம் சில்லறை இல்லை. எனக்கும் டிரைவர் மேல் கோபம் வந்து, போய் இரண்டு வார்த்தை கேட்டேன்.

அவர் என்னைக் கூட்டிப்போய் ஸ்டீரிங் பக்கத்தில் இருந்த டாகோகிராஃப் கருவியைக் காட்டினார். அவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எப்போது நிறுத்தினார் என்பதெல்லாம் அவருடைய அட்டையில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குவிதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. இரவில் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு வேண்டும், சில நாட்களில் மட்டும் ஒன்பதாகக் குறைக்கலாம். வழியில் போலீஸ் நிறுத்தி அட்டையைப் பார்த்தால் அபராதம். அந்த மனிதர் செய்தது சரி. 39 உயிர் அவர் கையில் இருந்தது. அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் சொல்கிறேன். தவறு அந்தத் திட்டத்தைக் காகிதத்தில் எழுதியவர்களுடையது.

லூசெர்ன் போய்ச் சேர்ந்தது நள்ளிரவு பன்னிரண்டரை. அதனால் மறுநாள் ஒன்பதரைக்கு முன் பஸ் நகராது. வியாழன் காலை ஆறரைக்குக் கிளம்பி யுங்ஃப்ராவ்யோக் போவதாகத் திட்டம். ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம், 3,454 மீட்டர். 1896-இல் வேலை தொடங்கி, ஐகர், மோன்ஷ் மலைகளைக் குடைந்து 1912-இல் திறந்த பாதை. என் மாணவி ஒருத்தி இதற்காகவே ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தாள். பாறைக்குள் போகும் ஏழு கிலோமீட்டர் சுரங்கத்தின் படம், இந்தப் பாதைக்குத் திட்டம் போட்ட குயர் செல்லர் அது முடிவதைப் பார்க்காமலேயே 1899-இல் இறந்தது, எல்லாம். "லேட் ஆயிடுச்சு, இன்னைக்கு பிலாட்டுஸ் போகலாம், அதுவும் மலைதானே" என்றார் டூர் மேனேஜர். பிலாட்டுஸ் நல்ல மலை, குறை சொல்ல மாட்டேன். உலகத்திலேயே செங்குத்தான பல்சக்கர ரயில் அங்கேதான் ஓடுகிறது, 1889-இலிருந்து. ஆனால் உயரம் சுமார் 2,130 மீட்டர், கட்டணம் யுங்ஃப்ராவ்யோக் கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. மீதி பிராங்கு எங்கே என்றால் பதில் இல்லை. குழு முன்பதிவு எண்ணைக் கொடுங்கள், நானே ரயில்காரர்களிடம் பேசுகிறேன் என்றேன். கடைசிவரை தரவில்லை. அப்படி ஒரு முன்பதிவு இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம். முந்தின நாள் நடக்கவே முடியாத தூரத்தைப் போட்டு வைத்தால் மறுநாளைய விலை உயர்ந்த மலை தானாகக் கழன்றுவிடும், பழி டிரைவர் மேல் போய்விடும்.

வெனிஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோட்டல் தீவில் இல்லை, எதிர்க்கரையில் நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில். பெரும்பாலான குழுக்களை அங்கேதான் தங்க வைக்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை மாலை ஃபிளாரன்ஸில் எங்களை இறக்கிவிட்டு டூர் மேனேஜர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மிலானில் வேறு குழு வருகிறதாம். ரோமில் இன்னொருவர் வருவார் என்றார்.

ஞாயிறு இரவு ஒரு மாணவிக்கு வயிற்று வலி, வாந்தி, காய்ச்சல். நிறுவனத்தின் "24 மணி நேர அவசர எண்" அடித்துக்கொண்டே இருந்தது. பதினேழு முறை, என் போனில் இன்னும் பதிவு இருக்கிறது. 112-ஐ அழைத்தேன், ஆம்புலன்ஸ் வந்தது. நான் அவளோடு ஏறினேன். கதவு மூடும்போதுதான் உறைத்தது: ஹோட்டலில் இன்னும் பதினெட்டுப் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெண் துணை ஒருவரும் இல்லை. எடுத்துவிட்ட அந்த டீச்சரின் பெயர்தான் நினைவுக்கு வந்தது. மருத்துவமனையில் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள், அப்பெண்டிக்ஸ் இல்லை என்று சோதித்துச் சொன்னார்கள், விடிகாலையில் அனுப்பினார்கள். சார்கள் இருவரும் மற்றவர்களோடு பஸ்ஸில் ரோம் போனார்கள். அவளை நண்பகல்வரை தூங்க வைத்து, சாந்தா மரியா நோவெல்லா நிலையத்தில் ரயில் ஏறினேன். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்தே வந்தாள்.

ரோமில் வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. ஹோட்டலில் சாவி கொடுக்கும் முன் நகர வரி கேட்டார்கள். மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஓர் இரவுக்கு ஆளுக்கு 6 யூரோ, பத்து வயதுக்குக் கீழே மட்டும் விலக்கு. 39 பேர், இரண்டு இரவு, 468 யூரோ. "எல்லாம் உட்பட" என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என் பையில் இருந்தது. சார் ஒருவரின் கார்டில் கட்டினோம்.

திரும்பியதும் எழுதினோம். "அல்லது அதற்கு இணையானது" என்ற வரியைச் சுட்டிக்காட்டி இரண்டு வரியில் பதில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015/2302 என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி ஹோட்டலோ பஸ்ஸோ யார் சரியாகச் செய்யாவிட்டாலும் சுற்றுலாவை விற்றவர்தான் பொறுப்பு, குறைந்ததற்கு விலையைக் குறைக்க வேண்டும், அவர் திவாலானால் பயணிகளின் பணத்துக்குக் காப்பும் இருக்க வேண்டும். எங்களுக்கு அது கைகொடுக்கவில்லை. எங்கள் நிறுவனம் ஒன்றியத்துக்கு வெளியே பதிவானது, விற்றதும் வெளியே. சுற்றிக்காட்டியது ஐரோப்பாவை என்பதால் மட்டும் அந்தப் பாதுகாப்பு வந்துவிடாது. ஆகவே உள்ளூர்ச் சட்டப்படி போய்க்கொண்டிருக்கிறோம். இதுவரை 468 யூரோ மட்டும் திரும்பியிருக்கிறது.

இனி நான் போவதாக இருந்தால் முன்பணம் கட்டும் முன்பே ஹோட்டல்களின் பெயரும் முகவரியும் கேட்பேன், ஒரு மாதம் முன்னால் அந்த ஹோட்டல்களுக்கே மின்னஞ்சல் எழுதி எங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். "இணையானது" என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும், குறைந்தால் வித்தியாசப் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வாங்குவேன். ஒவ்வொரு நாளுக்கும் கிலோமீட்டரைக் கூட்டிப் பார்ப்பேன். டூர் மேனேஜரை ஆசிரியர் கணக்கில் ஒருபோதும் சேர்க்க மாட்டேன். ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓர் ஆசிரியர் மருத்துவமனையில் இருப்பார், மீதி இருப்பவர்கள் மற்ற அனைவருக்கும் போதுமா, அதில் ஒரு பெண் இருக்கிறாரா என்பதுதான் என் கணக்கு. இலவச இருக்கைக்குப் பதிலாக என் செலவைப் பள்ளி தனியாகக் காட்டட்டும், பெற்றோருக்கும் அது தெரியட்டும்.

போன வாரம் அதே நிறுவனத்தின் புதிய கையேடு எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தது. அதே பாதை, அதே பத்து இரவுகள், பன்னிரண்டு பேருக்கு ஓர் ஆசிரியர் இலவசம். மூன்றாம் நாள் லூவர் என்று போட்டிருக்கிறது. நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை.