பிரேக் பேட், டிஸ்க்: அசல் பாகமா, வெளிச்சந்தையா?

காரின் முன்சக்கர பேட் (பிரேக் மிதித்ததும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற உலோக வட்டை அழுத்திப் பிடிக்கும் பட்டை) 3 மி.மீ. மட்டுமே மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. கார் நிறுவன முத்திரையுடன் வரும் அசல் பாகம் கச்சிதமாகப் பொருந்தும், விலைதான் உறுத்தும்.

வெளிச்சந்தைப் பாகம் (கார் நிறுவன முத்திரை இல்லாமல் வேறு நிறுவனங்கள் விற்பது) என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: கார் நிறுவனங்கள் பெரும்பாலும் பேட்டைத் தாங்களே தயாரிப்பதில்லை. 1962-இல் சென்னையில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, பிரேக் பாகங்களைக் கார் ஆலைகளுக்கும் கொடுக்கிறது. டிவிஎஸ் கிர்லிங் என்ற பெயரில் கடைகளுக்கும் அனுப்புகிறது. எனவே பேட்டுக்கு என் ஓட்டு வெளிச்சந்தைக்கே. பெயர் தெரியாத மலிவுப் பெட்டி மட்டும் வேண்டாம். கீச்சிடும், கரித்தூள் கொட்டும், மலை இறக்கத்தில் சூடேறினால் பிடிப்பு தளரும்.

டிஸ்க் விஷயத்தில் எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. வார்ப்பு சரியில்லாதது விரைவிலேயே ஸ்டியரிங்கை நடுங்க வைக்கும். (டிஸ்க் பொருந்தும் சக்கர மையமான ஹப்பின் துருவைச் சுரண்டாமல் மாட்டினால் அசல் டிஸ்க்கும் அதிரும்; பழி பாவம் டிஸ்க்கின் தலையில் விழும்.) வாங்கும் முன், பழைய டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் (நுண்ணளவு காட்டும் கருவி) அளந்து, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அளவு மிச்சமிருந்து, வெடிப்போ ஆழமான வரிகளோ இல்லையென்றால் பேட்டோடு செலவு முடிந்துவிடும்.