இலவச வலைப்பூவில் விளம்பர வருமானம்: பிளாக்கரா, வேர்ட்பிரஸ்ஸா, பக்கத்துக் கடையா?

பிச்சாவரத்துப் படகு, வெள்ளி கடற்கரைக்குப் போகும் வழி, புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமை சந்தை, பண்ருட்டிப் பலா என்று கடலூர், புதுச்சேரிப் பக்கம் எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. கைக்காசு போடாமல் ஒரு வலைப்பூவைத் தொடங்கி அதில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்க வேண்டும் என்றால் எல்லோரும் சொல்வது இரண்டு பெயர்கள்: பிளாக்கர், வேர்ட்பிரஸ்.காம். மூன்றாவது வழி, பக்கத்துக் கடைக்காரரிடமே நேரடியாக விளம்பரம் வாங்குவது; அது கடைசியில். விளம்பர வருமானம்தான் குறி என்றால் இவை இரண்டும் சம போட்டியாளர்களே அல்ல.

வேர்ட்பிரஸ்.காம் இலவசத் திட்டத்தில் உங்கள் பக்கத்தில் விளம்பரம் வரும், ஆனால் அது அவர்கள் போடும் விளம்பரம், காசும் அவர்களுக்கே. பக்கத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் சேவையான ஆட்சென்ஸின் கோடை (நிரல் வரிகளை) நீங்கள் ஒட்ட முடியாது, ஒட்டினாலும் சேமிக்கும்போது அது காணாமல் போய்விடும். விளம்பரத்தில் சொந்தக் காசு பார்க்கக் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும். அவர்களுடைய விளம்பரப் பங்குத் திட்டமான வேர்ட்ஆட்ஸும் 100 டாலர் சேர்ந்த பிறகுதான், அதுவும் பேபால் வழியாகத்தான் தரும். எழுதும் அனுபவத்தில் வேர்ட்பிரஸ் எடிட்டர் பல படி மேல் என்பது உண்மை. ஆனால் இங்கே பேச்சு வருமானத்தைப் பற்றி.

பிளாக்கரை கூகுள் 2003இல் வாங்கியது. ஆட்சென்ஸும் கூகுளுடையதே. அதனால் பிளாக்கர் இலவசமாகத் தரும் பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே, ஒரு ரூபாய் செலவில்லாமல், இடப்பக்க மெனுவில் 'எர்னிங்ஸ்' வழியாக விண்ணப்பிக்கலாம். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் வந்தது 2018 பிப்ரவரியில். அதற்கு முன் ஆங்கிலத்தில் பெயருக்கு ஒரு பிளாக் வைத்து அனுமதி வாங்கி, கோடைத் தமிழ்ப் பிளாக்கில் ஒட்டிய காலம் ஒன்று உண்டு. பழைய யூடியூப் வீடியோக்கள் சில இன்னும் அதையே சொல்லித் தருகின்றன. அந்தக் குறுக்குவழி இப்போது தேவையே இல்லை.

விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு பதிவின் இணைய முகவரியைக் கவனியுங்கள். தலைப்பை முழுக்கத் தமிழில் வைத்தால் பிளாக்கர் அந்தப் பதிவுக்கு 'பிளாக்-போஸ்ட்' என்றும், அடுத்ததற்கு அதோடு ஓர் எண்ணும் சேர்த்து முகவரி போடும். நூறு பதிவு எழுதினால் நூறும் ஒரே ஜாடை. வெளியிடும் முன் வலப்பக்கம் 'பெர்மாலிங்க்' பகுதியில் 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து ஆங்கில எழுத்தில் நான்கு சொல் தட்டுங்கள். வெளியிட்ட பதிவில் இதை மாற்ற, பதிவை முதலில் டிராஃப்டுக்குத் திருப்ப வேண்டும். வேர்ட்பிரஸ் நேர் எதிர். தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (எழுத்து, அதன் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு) உள்ளே 9 எழுத்தாக விரிகிறது, மொத்த இடமோ 200. ஆக 22 குறியீட்டோடு தலைப்பு நடுவில் அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாக நான்கு வரிக்கு நீளும், அதை யாரும் தொடமாட்டார்கள். எங்கே எழுதினாலும் முகவரியை நீங்களே வையுங்கள்.

கோடு ஒட்டும் இடத்தில் வரும் சிக்கல்

ஆட்சென்ஸ் தரும் தானியங்கி விளம்பரக் கோடை பிளாக்கரின் 'எடிட் எச்டிஎம்எல்' பக்கத்தில் ஹெட் பகுதிக்குள் ஒட்டிச் சேமித்தால், பலருக்கும் ஒரு பிழைச்செய்தி வரும்: 'ஏசிங்க்' (async) என்ற சொல்லுக்குப் பின் சமக்குறி வேண்டும் என்று. கோடில் தவறு கிடையாது. பிளாக்கர் தீம் (பக்க வடிவமைப்பு) கறாரான எக்ஸ்எம்எல் இலக்கணத்தில் ஓடுவது, அதில் மதிப்பில்லாத சொல் தனியாக நிற்கக் கூடாது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு, மேற்கோளுக்குள் அதே சொல்லை மறுபடி எழுதினால் சேமித்துக்கொள்ளும். இந்த ஒரு வரிக்காக 'பிளாக்கரில் ஆட்சென்ஸ் வேலை செய்யாது' என்று விட்டுப் போனவர்கள் உண்டு.

அதைவிட மோசமானது வெளியார் தரும் இலவச டெம்ப்ளேட், அதாவது தீம். பார்க்கப் பத்திரிகை மாதிரி பளபளப்பாக இருக்கும், அடியில் குழப்பி எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் ஒளிந்திருக்கும். வடிவமைத்தவர் பெயரை எடுத்தால் வாசகரை அவருடைய தளத்துக்குத் தள்ளும். சிலவற்றில் வேறொருவரின் ஆட்சென்ஸ் எண்ணே உள்ளே இருக்கும். நீங்கள் எழுத, காசு அவருக்கு. தீம் போட்டதும் அதில் 'பப்' (pub-) என்று தொடங்கும் எண் எதுவும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிளாக்கரே தரும் தீம்கள் அழகில் சுமார்தான், இந்த வம்பு அவற்றில் இல்லை.

அனுமதி மறுப்பில் அதிகம் வரும் காரணம் 'மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்'. நாளிதழ்ச் செய்தியை வரி மாற்றி எழுதியது, பாட்டு வரிகள், வாட்ஸ்அப் மருத்துவக் குறிப்பு எல்லாம் இதில் அடிபடும். தனியுரிமைக் கொள்கைப் பக்கம் கட்டாயம் வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு நண்பர்களிடம் 'விளம்பரத்தைக் கிளிக் பண்ணுங்க' என்று கேட்பது கணக்கை மூட வைக்கும். அதில் லாபமும் இல்லை. 2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ் கணக்கு கிளிக்குக்கு அல்ல, விளம்பரம் கண்ணில் பட்ட எண்ணிக்கைக்கு.

தபாலும் வங்கியும்

வருமானம் 10 டாலரைத் தொட்டதும் வீட்டு முகவரியைச் சரிபார்க்க கூகுள் 6 இலக்க 'பின்' எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்பும். நம் அஞ்சல் பின்கோடும் 6 இலக்கம் என்பதால் கட்டத்தில் 605001 என்று தட்டி, தவறு என்று வந்து விழிப்பவர்கள் இருக்கிறார்கள். கடிதம் வர இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் எண் உருவான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

எல்லைப் பகுதிக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. பாகூர், கிருமாம்பாக்கம் புதுச்சேரி ஒன்றியப் பகுதி, ஆனால் பின்கோடு கடலூர் மாதிரி 607இல் தொடங்கும். எண்ணைப் பார்த்து மாநிலக் கட்டத்தில் தமிழ்நாடு என்று போட்டுவிடாதீர்கள். ஆதாரில் உள்ளபடியே எழுதி, கூடவே அஞ்சலகப் பெயர், பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும் போடுங்கள். தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பதிவுத் தபால் இல்லை என்பதால் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை.

அடுத்தது பெயர். நமக்கு முன்னெழுத்து வங்கியில் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயராக விரிந்து பின்னால், ஆட்சென்ஸில் எதுவுமே இல்லாமல் இருக்கும். வங்கிக் கணக்கில் உள்ளபடியே ஆட்சென்ஸ் கணக்குப் பெயரைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பணம் வெளிநாட்டு வயர் பரிமாற்றமாக வருவதால் ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். ஊர்க் கிளைக்கு அது இல்லையென்றால், அதே வங்கியில் அந்நியச் செலாவணி பார்க்கும் கிளையின் குறியீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வரவு எதற்கு என்று வங்கி கேட்டால் விளம்பர சேவைக்கான நோக்கக் குறியீடு பி1007. 100 டாலர் சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் கூகுள் அனுப்பும்.

சொந்த டொமைன், சொந்த ஹோஸ்டிங்

இலவசத்துக்கு அடுத்த படி என்றதும் பலரும் ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை சர்வர் இடம்) வாங்கி, வேர்ட்பிரஸ்.காம் சேவை அல்லாத வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவ ஓடுகிறார்கள். அவசரம் வேண்டாம். முதல் ஆண்டுத் தள்ளுபடி விலையைப் பார்த்து வாங்கினால் இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பில் அது இரண்டு, மூன்று மடங்காகும், விளம்பர வருமானம் அதை ஈடுகட்டாது.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாயில் டொமைன் (சொந்த இணைய முகவரி) மட்டும் வாங்கி பிளாக்கரோடு இணைப்பது. டொமைன் விற்றவர் தளத்தின் அமைப்புப் பக்கத்தில் இந்தப் பதிவுகளைச் சேர்க்க வேண்டும். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்பதற்கு ஒரு சிநேம் (CNAME) பதிவு, ஜிஎச்எஸ்.கூகுள்.காம் என்று. பிளாக்கர் தரும் சரிபார்ப்புச் சிநேம் ஒன்று. பிறகு நான்கு 'ஏ' பதிவுகள்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. ஹோஸ்டிங் செலவு பூஜ்யம். என்றாவது வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறினாலும் முகவரி உங்களுடையது. பிளாக்ஸ்பாட் முகவரியோடு மாறினால் தேடுபொறியில் சேர்த்த மதிப்பை முறையாகக் கடத்த வழியில்லை. பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரியே 2020இல் கூகுள் கையை விட்டுப் போனது, அந்த வடிவில் பகிர்ந்த பழைய இணைப்புகள் செத்தன. வாடகை வீட்டு விலாசத்தை விசிட்டிங் கார்டில் அச்சடித்த கதை.

பக்கத்துக் கடை

இப்போது கணக்கு. ஆயிரம் பக்கப் பார்வைக்கு அரை டாலர் என்று வைத்துக்கொண்டால் 100 டாலர் சேர 2 லட்சம் பார்வை வேண்டும். நாளுக்கு 300 பார்வை என்றால் 22 மாதம். முடிவில் கைக்கு வருவது 9,000 ரூபாய் அளவில். அதே 22 மாதம் மிஷன் வீதிப் பக்கம் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுபவரோ, பண்ருட்டி முந்திரிக் கடைக்காரரோ மாதம் 500 தந்தால் 11,000. வாசகர் 300 பேர்தான் என்றாலும் அவர்கள் உள்ளூர்க்காரர், அல்லது வரப்போகும் சுற்றுலாப் பயணி. கடைக்காரருக்கு அதுதான் வேண்டும்.

பிளாக்கரில் இதற்கு 'லேஅவுட்' போய் ஒரு எச்டிஎம்எல் கேட்ஜெட், 300க்கு 250 பிக்சல் அளவில் ஒரு படம் போதும். இணைப்பின் எச்டிஎம்எல் வரியில் 'ஸ்பான்சர்ட்' (sponsored) குறி சேர்க்காவிட்டால் காசுக்கு விற்ற இணைப்பு என்று கூகுள் தேடலில் இறக்கக்கூடும். மூன்று மாதப் பணம் முன்கூட்டி வாங்குங்கள், மாதாமாதம் கேட்கப் போனால் பெட்ரோல் செலவே மிஞ்சும். ஆட்சென்ஸோடு சேர்த்தே இதை வைக்கலாம், தடையில்லை. எழுத்தைவிட விளம்பரம் அதிகமாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

ஆட்சென்ஸ் ஜெயிக்கும் இடமும் உண்டு: வெளிநாட்டு வாசகர். விளம்பர விலை, படிப்பவர் எங்கிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பாரிசிலிருந்து படிக்கும் ஒரு புதுச்சேரிக்காரர், குறிஞ்சிப்பாடியில் படிக்கும் பலருக்குச் சமம். ஆனால் ஐரோப்பிய வாசகருக்கு 2024 ஜனவரி 16 முதல் விளம்பரத்துக்குத் தங்கள் தரவைப் பயன்படுத்தச் சம்மதமா என்று கேட்கும், கூகுள் சான்றளித்த ஒப்புதல் பெட்டி காட்ட வேண்டும். இல்லையென்றால் நல்ல விலை விளம்பரம் அவர்களுக்கு வராது. ஆட்சென்ஸ் கணக்கில் 'பிரைவசி அண்ட் மெசேஜிங்' பகுதியில் அது இலவசமாகவே கிடைக்கிறது.