வீட்டைச் சுற்றி ஓட்டலா, வீட்டுக்குள்ளேயே அறைகளா?

கீழக்கரையில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வணிகர் வீடு. பவளக்கல் சுவர், பர்மா தேக்குத் தூண், நடுவில் முற்றம். அதைச் சுற்றி நான்கு மாடி ஓட்டல் எழுப்பி, வீட்டை வரவேற்புக் கூடமாக்கலாம் என்கிறது ஒரு தரப்பு. புதுக் கட்டடமே வேண்டாம், வீட்டைப் பழுதுபார்த்து ஏழெட்டு அறைகளை வாடகைக்கு விட்டால் போதும் என்கிறது மற்றது.

ஓட்டல் தரப்பின் வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கரையானும் உப்புக்காற்றும் தின்றுவிடும். பராமரிக்கக் காசு எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்?

ஆனால் அந்தக் கட்டடம் வீட்டையே சாய்க்கலாம். கடலோர மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அஸ்திவாரம் போட அதை மோட்டார் வைத்து இறைத்தால் பக்கத்து மண் அமுங்கும். ஆழமில்லாத பழைய கடைக்கால் தாங்காது, சுவர் விரியும். விரிந்த சுவருக்குப் புதுப் பவளக்கல்லும் கிடைக்காது. 2001 முதல் பவளம் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் வழக்குதான்.

தெருவில் அதிகம் பேசப்படுவது இதுகூட இல்லை, மாடி ஜன்னல்தான். “மேலே இருந்து எவனோ பார்த்துக்கிட்டிருந்தா முற்றத்துல உட்கார்ந்து மீன் ஆய முடியுமா காக்கா?” என்று ஒரு லாத்தா (அக்கா) கேட்டார்; காக்கா என்றால் இங்கே அண்ணன். பெண்கள் தெருவாசலுக்கு வராமலே புழங்கும்படி கட்டிய ஊர் இது. நான்கு மாடி எழும்பினால் சுற்றியுள்ள முற்றமெல்லாம் திறந்த மேடைதான். வரைபடம் போட்டவர் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

அனுமதியும் லேசில்லை. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி, கரையோர நகரப் பகுதியில் ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம்தான் புதிதாகக் கட்டலாம்.

சரி, அறைகள் யோசனை? அதிலும் தலைவலி உண்டு. சிமெண்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே மாட்டிச் சுவர் உதிரும், சுண்ணாம்புதான் ஆகும். அது மெதுவான வேலை, தெரிந்த கொத்தனாரும் குறைவு. ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வைத்தால் பழைய சுவர் நனையும்; பின்கட்டில் தனியாகக் கட்டுவது மேல். வருமானமும் சுமார்தான். ராமேஸ்வரம் போகிறவர்கள் இங்கே தங்குவதில்லை, ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்கள் இந்த வாடகை கொடுக்கமாட்டார்கள். பழைய வீடுகளை விடுதியாக்கிய செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு இருக்கும் பெயர் நமக்கு இன்னும் வரவில்லை.

இருந்தும் என் ஓட்டு அறைகளுக்கே. நஷ்டம் வந்தால் வாடகையை நிறுத்திவிடலாம், வீடு வீடாகவே இருக்கும். நான்கு மாடியை அப்படித் திருப்பி எடுக்க முடியாது. ஓட்டல்தான் வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகட்டும்.

அதற்கு முன் இந்த வீட்டு வாரிசுகளின் பங்குக் கணக்கு முடியட்டும். மகளுக்கு வீடு எழுதிவைக்கும் ஊரில் மகள், பேத்தி என்று கையெழுத்துப் பட்டியல் நீளம். அதில் பாதிப் பேர் வெளிநாட்டில்.