ஸ்டாரா, காரா, சோரா? நடத்தைசார் நேர்காணல் பதில்களின் கட்டமைப்புகள்: ஓர் ஒப்பீடு

“சக ஊழியர் ஒருவரோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டபோது என்ன செய்தீர்கள்?”, “எடுத்த காரியம் கைகூடாமல் போன ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கடந்த காலத்தைத் துருவும் நேர்காணல் கேள்விகளுக்குப் பதிலை ஒழுங்குபடுத்தப் பல கட்டமைப்புகள் புழக்கத்தில் உள்ளன. இவற்றின் பெயர்கள் அந்தந்தப் பகுதிகளின் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனவை. சூழல், பணி, செயல், விளைவு என்ற வரிசையில் அமைவது ஸ்டார். சவால், செயல், விளைவு என்று சுருங்குவது கார். சூழல், தடை, செயல், விளைவு என்று அமைவது சோர். இதில் தடைக்குப் பதிலாக நோக்கத்தை வைப்பவர்களும் உண்டு. ஸ்டாரின் இறுதியில் ‘கற்றது என்ன’ என்ற பகுதியைச் சேர்த்துக்கொள்ளும் வடிவமும், முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு விவரத்துக்குச் செல்லும் வடிவமும் இவற்றோடு போட்டியிடுகின்றன. வேலை தேடுவோருக்கான ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஸ்டாரே எல்லாவற்றுக்கும் போதும் என்று முடித்துவிடுகின்றன. வீட்டில் உட்கார்ந்து தயாரிப்பதற்கு அது போதும் என்பதை நானும் ஏற்கிறேன். நேர்காணல் அறையில் பேசும்போது, கேள்வி எதை அளக்க வருகிறதோ அதற்கேற்ப வடிவம் மாற வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் ஒப்பீடு எளிதாகும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படையில் விமானிகளின் தேர்வு குறித்து ஆய்வு செய்த உளவியலாளர் ஜான் ஃபிளனகன், ஒருவர் பணியில் திறம்படவோ தவறாகவோ நடந்துகொண்ட குறிப்பிட்ட நிகழ்வுகளைத் திரட்டிப் பகுக்கும் உத்தியை 1954ஆம் ஆண்டு விரிவாக எழுதினார். 1982ஆம் ஆண்டு டாம் ஜான்ஸ், விண்ணப்பதாரரின் கடந்த கால நடத்தையைக் கேட்கும் நேர்காணலை, கட்டற்று ஓடும் வழக்கமான நேர்காணலோடு ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இதே காலகட்டத்தில், 1970இல் தொடங்கப்பட்ட டி.டி.ஐ. என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம், தான் பயிற்றுவித்த தேர்வு முறையின் வழியாக ஸ்டார் என்ற பெயரைப் பரப்பியது. ஆக, ஸ்டார் பிறந்தது விண்ணப்பதாரருக்காக அன்று. கேட்ட பதிலில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று தேர்வாளர் சரிபார்த்துக்கொள்வதற்காக. முறைப்படுத்தப்பட்ட நேர்காணலில் தேர்வாளரின் கையில் மதிப்பெண் தாள் ஒன்று இருக்கும். எந்தத் திறனை அளக்கிறோம், எப்படிப்பட்ட நடத்தைக்கு எத்தனை மதிப்பெண் என்பது அதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். நாம் எந்த வடிவத்தில் பேசினாலும் அவருடைய பேனா நகர்வது அந்தத் தாளின் மேல்தான்.

வேறுபாடுகளைப் பார்க்க ஒரே நிகழ்வை எல்லா வடிவங்களிலும் ஊற்றிப் பார்க்கலாம். ஒரு மென்பொருள் சோதனையாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டுக்கு மூன்று நாள் இருக்கையில், பணம் செலுத்தும் பகுதியில் சில வேளைகளில் மட்டும் தலைகாட்டும் ஒரு பிழையை அவர் காண்கிறார். நிரலாளரோ தம் கணினியில் அப்படி எதுவும் நிகழவில்லை என்கிறார். கருத்து வேறுபாடு பற்றிய கேள்விக்கு இந்த நிகழ்வைத்தான் அவர் பதிலாகச் சொல்லப்போகிறார்.

ஸ்டார் வடிவில் சொன்னால், சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும். அடுத்து வரும் ‘பணி’ என்ற பகுதியைத்தான் பலர் சடங்காகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் கருத்து வேறுபாடு, அதிகாரமின்றிப் பிறரை இணங்கவைத்தல் போன்ற கேள்விகளில் பதிலின் எடை இங்கேதான் இருக்கிறது. “வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை; பிழையின் தீவிரத்தை மதிப்பிட்டு மேலாளரிடம் பரிந்துரைப்பது மட்டுமே என் பொறுப்பு” என்று சோதனையாளர் சொல்லும்போது, அதற்குப் பின் வரும் ஒவ்வொரு செயலும் வேறு பொருள் பெறுகிறது. அவர் நிரலாளரின் இருக்கைக்கே சென்று, இணைய வேகம் குறையும்போதுதான் பிழை எழுகிறது என்பதை இருவருமாகச் சேர்ந்து கண்டுபிடித்தது, இரண்டு தீர்வுகளை அவற்றுக்கு ஆகும் நேரத்தோடு எழுதி மேலாளரிடம் வைத்தது ஆகியவை, தம் எல்லையை அறிந்த ஒருவர் அந்த எல்லைக்குள் நின்று செய்த வேலையாகத் தெரியும். பணி என்ற பகுதியை விட்டுவிட்டால், யாரோ ஒருவர் ஒரு பிழையைச் சரிசெய்த கதையாக அது தட்டையாகிவிடும்.

ஸ்டாரின் குறை, அது முன்பகுதியை வீங்கச் செய்வது. நான்கு பெட்டிகள் இருந்தால் நான்கையும் சமமாக நிரப்ப மனம் விழைகிறது. நிறுவனத்தின் அமைப்பு, குழுவின் அளவு, திட்டத்தின் வரலாறு என்று சூழலை விவரித்து முடிப்பதற்குள் தேர்வாளரின் கவனம் போய்விடுகிறது. இரண்டு நிமிடப் பதிலில் பாதிக்கு மேல் செயலுக்குப் போக வேண்டும். சூழலும் பணியும் சேர்ந்து கால் பங்கைத் தாண்டக் கூடாது. இந்த விகிதத்தைக் காக்க முடியாதவர் எந்தக் கட்டமைப்பைக் கையாண்டாலும் பயனில்லை.

கார் வடிவம் இந்த வீக்கத்தைத்தான் வெட்டுகிறது. சூழலும் பணியும் ‘சவால்’ என்ற ஒரே பகுதியில் அடங்குவதால் பேசுபவர் விரைவில் செயலுக்கு வந்துவிடுகிறார். தொலைபேசியில் நடக்கும் முதற்கட்டத் தேர்வு, குறுகிய நேரத்தில் பல கேள்விகளை அடுக்கும் குழு நேர்காணல், தொழில்நுட்பச் சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்ற கேள்வி ஆகியவற்றுக்கு இது பொருத்தமானது. பொறுப்பு யாருடையது என்பது மங்கிவிடுவது இதன் விலை. “பணம் செலுத்தும் பகுதியில் பிழை இருந்தது, மூன்று நாள்தான் இருந்தது, நாங்கள் சரிசெய்தோம்” என்று சுருக்கிச் சொல்பவரிடம், அந்த ‘நாங்கள்’ என்பதில் உங்கள் பங்கு எவ்வளவு என்ற துணைக்கேள்வி உறுதியாக வரும். அதற்கான விடை தயாராக இருந்தால் கார் நல்ல தேர்வு.

சோர் வடிவத்தை நான் சற்று எச்சரிக்கையோடுதான் பரிந்துரைப்பேன். தடையைத் தனியே பிரித்து நிறுத்துவதால் செயலின் கடினம் வெளிச்சத்துக்கு வருகிறது. விடாமுயற்சி, நெருக்கடியில் முடிவெடுத்தல், வளப் பற்றாக்குறை பற்றிய கேள்விகளுக்கு இது மற்ற எல்லாவற்றையும் விட வலுவானது. ஆனால் கருத்து வேறுபாட்டுக் கேள்வியில் இதைப் பயன்படுத்தினால், தடை என்ற இடத்தில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். “நிரலாளர் ஒத்துழைக்க மறுத்தார்” என்று நம் சோதனையாளர் சொல்லிவிட்டால், பிறகு எவ்வளவு நயமாகப் பேசினாலும் குறைகூறும் தொனி போகாது. “பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியவில்லை, ஆகவே அவருடைய சந்தேகம் நியாயமானதே” என்று தடையை நிலைமையின் மேல் ஏற்றிச் சொல்லத் தெரிந்தவருக்கு மட்டுமே சோர் அங்கே கைகொடுக்கும்.

கற்றலைச் சேர்க்கும் வடிவம் ஒரே ஒரு வகைக் கேள்விக்குக் கட்டாயம்: தோல்வி, தவறு, மேலதிகாரியின் விமர்சனம் பற்றியவை. அங்கே விளைவு பாதகமாகவே இருக்கும் என்பதால் பதில் விளைவோடு நின்றுவிட முடியாது. மற்ற கேள்விகளில் இதை ஒட்டவைத்தால், குழுவாக வேலை செய்வதன் அருமையை உணர்ந்தேன் என்ற வகையில் யாரும் மதிப்பெண் தராத வாசகங்களே மிஞ்சும். கற்றலுக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அதற்குப் பின் நடத்தை மாறியதற்கு ஒரு சான்று வேண்டும். “அடுத்த வெளியீட்டிலிருந்து மெதுவான இணைப்பில் சோதிப்பதையும் சோதனைப் பட்டியலில் சேர்த்தேன்” என்பது சான்று. “கவனமாக இருக்கக் கற்றுக்கொண்டேன்” என்பது அன்று.

முடிவை முன்வைக்கும் முறை மேற்சொன்னவற்றுக்கு மாற்று என்பதை விட அவற்றின் மேல் வைக்கப்படும் ஒரு வாக்கியம் என்றே கொள்ளலாம். “ஒரு பிழை உண்மையில் இருக்கிறதா என்பது குறித்து நிரலாளரோடு எனக்கு மாற்றுக் கருத்து இருந்தது, இருவரும் சேர்ந்து காரணத்தைக் கண்டறிந்து, தேதி தவறாமலே பிழையை நீக்கினோம்” என்று தொடங்கினால், கேட்பவருக்கு எதைத் தேடிக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. குறிப்பெடுத்துக்கொண்டே கேட்கும் தேர்வாளருக்கும், காணொளி வழி நேர்காணலில் முகக்குறிப்பைப் படிக்க இயலாத விண்ணப்பதாரருக்கும் இது பெரிய உதவி. மூத்த பதவிகளுக்கான நேர்காணலில் இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். தோல்வி பற்றிய கேள்வியிலும் இது நன்றாகவே வேலை செய்கிறது. தோல்வியை முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொள்பவர், மழுப்புகிறாரோ என்ற ஐயத்துக்கு இடமளிப்பதில்லை.

இந்தக் கட்டமைப்புகள் எதுவும் பொருந்தாத கேள்விகளும் உண்டு. “உங்கள் குழுவில் ஒருவர் தொடர்ந்து தாமதமாக வேலையை முடித்தால் என்ன செய்வீர்கள்?” என்பது கடந்த காலத்தைக் கேட்கவில்லை, கற்பனைச் சூழலில் நம் முடிவைக் கேட்கிறது. இதற்குப் பழைய கதை ஒன்றை ஸ்டாரில் சொல்லத் தொடங்குவது கேள்வியைத் தவிர்ப்பதாகவே தோன்றும். முதலில் எதை விசாரித்துத் தெரிந்துகொள்வேன், எந்த நிலையில் எதைத் தேர்வேன், ஏன் என்ற வரிசையில் பதில் சொல்லிவிட்டு, ஒத்த அனுபவம் இருந்தால் இறுதியில் இரண்டு வாக்கியத்தில் தொட்டுச் செல்லலாம்.

நடைமுறையில் நான் சொல்வது இது. ஐந்தாறு நிகழ்வுகளைத் தேர்ந்து ஒவ்வொன்றையும் ஸ்டாரின் நான்கு தலைப்புகளிலும் குறிப்புகளாக மட்டும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். முழு வாக்கியங்களாக எழுதினால் மனப்பாடம் செய்யத் தோன்றும், துணைக்கேள்வி வந்ததும் அந்த மனப்பாடம் கலைந்துவிடும். விளைவு என்ற தலைப்பின் கீழ் எண் கிடைத்தால் எண், கிடைக்காவிட்டால் அந்த முடிவைப் பிறகு யார் பயன்படுத்தினார்கள், எது வழக்கமாக நிலைத்தது என்பதை எழுதலாம், எட்டாத எண்ணை ஊகித்துச் சொல்வதை விட இது பாதுகாப்பானது, ஏனெனில் “அதை எப்படி அளந்தீர்கள்?” என்பது தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் துணைக்கேள்வி. தடை, கற்றல் என்ற இரண்டையும் ஒவ்வொரு நிகழ்வின் ஓரத்திலும் தனியே குறித்துவைத்துக்கொண்டால், அறைக்குள் கேள்வி வந்து விழுந்த பிறகு அதே குறிப்பிலிருந்து காரையோ சோரையோ எடுத்துப் பேசுவது கடினமாக இராது.